உணர்வில் சிறு மாற்றம்

ஜூன் 9, திங்கள்

இன்றைய பேப்பருக்குள்ளிருந்து ஒரு துண்டறிக்கை விழுந்தது. பிலோமினா தோசைக் கரண்டியோடு வந்து அதை எடுத்து உரக்கப் படித்தாள்.

"காலையில் வாருங்கள், மாலையில் கால் வீசி நடங்கள். சுருண்ட நரம்புகளுக்கு லேசர் சிகிச்சை. கத்தி இல்லை, தையல் இல்லை, படுக்கை இல்லை." படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றாள்.

எழுதியவன் நான்தான் என்றேன். கொஞ்சம் அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். காலை, கால் என்று இரண்டு காலை ஒரே வரியில் வைத்தவனுக்கு அடக்கம் எங்கிருந்து வரும்?

"உங்க கைவரிசையா? அப்ப சரியாத்தாங்க இருக்கும். நானும் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் என் எழுத்தை நம்பி அவள் எடுத்த முதல் முடிவு இது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. சென்னையிலுள்ள ஓர் ஏஜென்சி இங்கிலீஷில் அனுப்பும். திருச்சியில் உட்கார்ந்து தமிழாக்கித் திருப்பி அனுப்புவேன். பிரஷர் குக்கர் கையேடு, கொசுவிரட்டிப் புட்டியின் எச்சரிக்கை, இன்சூரன்ஸ் நிபந்தனை எல்லாம் நம் கைங்கரியம். லட்சக்கணக்கான வீடுகளில் என் எழுத்து இருக்கிறது. படித்தவர் என்று இதுவரை ஒருவரையும் சந்தித்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் இங்கே எழுதமாட்டேன். வேலை தருகிற இடம்.

ஜூன் 11, புதன்

ஸ்கேன் எடுத்தார்கள். பிலோவின் வலது கெண்டைக்காலின் பின்பக்கம், முறுக்குப் பிழிந்தது போல் புடைத்திருப்பதை நான் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். டாக்டர் கிருபாகரன் அதைத் திரையில் நீலமும் சிவப்புமாகக் காட்டினார். மேலே போகவேண்டிய ரத்தம் கீழேயே தேங்குகிறதாம்.

அவள் தொழில் அப்படி. பத்தொன்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுத் தருகிறாள். காரின் இடப்பக்க சீட்டில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலை ஆறிலிருந்து சாயங்காலம் வரை. அவள் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவாள். பிரேக்கின்மேல் காலை வைக்கமாட்டாள். வைத்தால் கற்றுக்கொள்பவர் கண் சாலையை விட்டு அவள் காலுக்கு வந்துவிடும் என்பாள். பெடலுக்குப் பக்கத்தில், வலது சுண்டுவிரல் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி பாதத்தை வைத்திருப்பாள். பிரேக் எங்கே இருக்கிறதென்று அந்த விரலுக்குத் தெரியும். கண் சாலையில், வாய் கற்றுக்கொள்பவரின் காதில், விரல் பெடலில்.

இப்படி ஆயிரத்துச் சொச்சம் பேருக்குக் கற்றுத் தந்திருக்கிறாள். எனக்கு மட்டும் கற்றுத்தர மறுத்துவிட்டாள். புருஷனுக்குச் சொல்லித்தந்தால் குடும்பம் நிலைக்காது என்பது அவள் கட்சி.

ஜூன் 16, திங்கள்

இன்று சிகிச்சை முடிந்தது. நன்றாக முடிந்தது என்றார்கள்.

முன்னதாக ஒரு நர்ஸ் வந்து ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். பிலோ எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீசில் பழகியவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள்.

"பாதிக்கப்பட்ட நரம்பு லேசர் வெப்பத்தால் அடைக்கப்படும். அரிதாக நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வில் சிறு மாற்றம் ஏற்படலாம்."

விரல் நின்றது. "ஏங்க, நரம்பு பாதிச்சிருக்குன்னுதானே வந்திருக்கோம்? அப்புறம் என்ன, நரம்பு பாதிக்கலாம்னு? யாருங்க இத எழுதுனது? சாப்பிட்டவனுக்கு மறுபடியும் எல போட்ட கதையால்ல இருக்கு!"

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "படிச்சாச்சா? புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டாக்டர்" என்று பிலோ கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சியாக நான் போட்டேன்.

இங்கே ஒரு குறிப்பு எழுதிவைப்பது நல்லது. பிற்காலத்தில் யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

இங்கிலீஷ் படிவத்தில் இரண்டு வேறு சொற்கள் இருந்தன. ஒன்று ரத்தம் ஓடுகிற குழாய். அதைத்தான் லேசரால் சுடுகிறார்கள். இன்னொன்று உணர்ச்சியைக் கொண்டுபோகிற இழை. அது பக்கத்தில் படுத்திருக்கும், அதன்மேல் சூடு படலாம். அகராதியில் முதலாவதற்குச் சிரை, இரண்டாவதற்கு நரம்பு. தெருவில் இரண்டும் நரம்பு. சுளுக்கினாலும் நரம்பு பிசகும், ஊசி போடுகிற நர்ஸும் "நரம்பு கிடைக்கல" என்பாள். நான் முறையாகச் சிரை என்றுதான் எழுதினேன். ஏஜென்சியின் நிவேதிதா போனில் வந்து, "சார், சிரைன்னா சலூன் ஞாபகம் வருது, பேஷன்ட் சிரிப்பாங்க" என்றாள். மாற்றினேன். மாற்றும்போது, கீழே ஏற்கெனவே ஒரு நரம்பு குந்தியிருப்பதைக் கவனிக்கவில்லை. "உணர்வில் சிறு மாற்றம்" என்பதும் அவள் கேட்டு வாங்கியதுதான். முகம் பார்க்காத பெண். மறுத்துப் பேச வரவில்லை.

பிலோவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. துண்டறிக்கை மட்டும்தான் என் வேலை, படிவத்தை ஆஸ்பத்திரியே எழுதிக்கொண்டது என்று அவள் நினைப்பு. கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது இலக்கணம் பேசுவது நாகரிகம் அல்ல.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டில் இருக்கிறோம். அழுத்தக் காலுறை என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மலைப்பாம்பு ஆட்டை விழுங்குவதற்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாது. பவுடர் போட்டு, பிளாஸ்டிக் பையை மாட்டி, நான் இழுக்க, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்ட, இருபது நிமிஷம். மாட்டிய பிறகு, "ஏங்க, ஒரு சுருக்கம் விழுந்திருக்கு" என்றாள்.

நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். படுத்தே கிடந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். மாடி வீட்டு லில்லி டீச்சர் ஹார்லிக்ஸோடு விசாரிக்க வந்தார். அவர் வந்தபோது பிலோ வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவள் படுத்திருக்கவேண்டும். இல்லையென்றால் ஹார்லிக்ஸுக்கு என்ன மரியாதை? ஐந்து நிமிஷம் படுத்துக் காட்டச் சொன்னேன். படுத்தாள். டீச்சர் திருப்தியாகக் கத்தரிக்காயைத் தடை செய்துவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

தொடையிலிருந்து கணுக்கால் வரை ஊதா, பச்சை, மஞ்சள். உள்ளே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியது போல் இருக்கிறதாம். எல்லாம் வரக்கூடியதுதான், போய்விடும் என்று நர்ஸ் போனில் சொன்னாள். துண்டறிக்கையில் இதெல்லாம் ஏன் இல்லை என்று பிலோ கேட்டாள். இடம் போதவில்லை என்றேன். கால் வீசி நடக்கும் பெண்ணின் படத்துக்கு முக்கால் பக்கம் போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

பிலோ கோயிலுக்குப் போனாள், சாயங்காலப் பூசைக்கு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தால் வலது காலில் செருப்பே இல்லை. திரும்பி நடந்து பார்த்தால் ஐந்தாறு வீடு தள்ளி, கறிக்கடை வாசலில் தனியாகக் கிடந்ததாம். கழன்று விழுந்தது தெரியாமலே நடந்து போயிருக்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தாள். மறுபடியும் கிள்ளினாள். "வேற யாரோ வெரலக் கிள்ற மாதிரி இருக்குங்க" என்றாள்.

ஜூன் 28, சனி

டாக்டரிடம் போனோம். ஒரு சிறு குச்சியால் பாதம் முழுக்கத் தொட்டுக் கேட்டார். வெளி ஓரமும் சுண்டுவிரலும் அவளுக்குத் தெரியவில்லை.

"சிலருக்கு இப்படி மரத்துப்போகும்மா. அந்த நரம்பு ரொம்ப பக்கத்துல ஓடுது. பெரும்பாலும் சில மாசத்துல திரும்பிடும். ஒருசிலருக்கு அப்படியே நின்னுடும். ஃபாரத்துலயே இருக்கே, படிச்சீங்கல்ல?"

"ஃபாரத்துல மரத்துப்போகும்னு இல்லீங்களே டாக்டர். நரம்பு பாதிக்கும்னு இருந்துச்சு. அந்த நரம்பத்தானே சுடச் சொல்லி வந்தேன்?"

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த இதயத்தின் படத்தைப் பார்த்தேன். படத்தில் சிரை என்று சரியாகப் போட்டிருந்தார்கள். எவனோ ஒழுங்கான மொழிபெயர்ப்பாளன்.

டாக்டர் நல்ல மனிதர்தான். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலை என்னவென்று அவர் கேட்டதே இன்றுதான். டிரைவிங் ஸ்கூல் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "உணர்வு வர்ற வரைக்கும் அந்த சீட்ல உட்காராதீங்கம்மா" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். ஆட்டோக்காரர் இரண்டு இடத்தில் பிரேக்கைத் தாமதமாக மிதித்தார், பிலோ திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஜூலை 1, செவ்வாய்

தினமும் காலை, காப்பிக்குப் பிறகு, பரிசோதனை. அவள் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். நான் பேனா மூடியால் பாதத்தில் பத்து இடம் தொடவேண்டும். அவள் "தெரியுது" அல்லது "இல்ல" சொல்லவேண்டும். இன்று பத்துக்கு ஐந்து.

ஜூலை 4, வெள்ளி

ஐந்து. ஓனர் பாலுச்சாமி போன் செய்தார். மேடம் இல்லாமல் பெண்கள் பேட்ச் வரமாட்டேன் என்கிறதாம். வேறு ஒரு அம்மாவைத் தற்காலிகமாகப் பார்க்கிறாராம். தற்காலிகம் என்ற சொல்லை அவர் மூன்று தரம் சொன்னது பிலோவுக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

பத்துக்குப் பத்து!

ஆனால் ஒன்று. ஒன்பதாவது தடவை நான் மூடியைச் சுண்டுவிரலுக்குக் கொண்டுபோகும்போது காக்கா கத்தியது, திரும்பிப் பார்த்தேன். மூடி இன்னும் காற்றில்தான் இருந்தது. "தெரியுது" என்றாள் பிலோ, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. பத்தாவது தடவை நான் தொடவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். "தெரியுது" என்றாள்.

கண்ணைத் திறந்து, "எத்தன?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை மார்க் கேட்பது போல் இருந்தது.

பத்து என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பாலுச்சாமி மறுபடியும் கூப்பிட்டார். அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"சார், மேடத்துக்கு கால் சரியாயிருச்சா? நாளையிலேர்ந்து வர்றேன்னு சொன்னாங்க. நீங்க சொல்லுங்க சார், நீங்க படிச்சவங்க."

"நல்ல முன்னேற்றம் இருக்கு" என்றேன். இந்த மாதிரி வாக்கியம் எனக்குத் தூக்கத்திலும் வரும். பொய் என்று யாரும் கையை வைக்க முடியாது.

ஜூலை 12, சனி

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

குணசீலன் என்று ஒரு ரிட்டயர்டு தாசில்தார். ஐந்தாவது நாள் வகுப்பு. எதிரில் பஸ் வந்ததும் பதறிப்போய் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். இது வாரம் ஒருமுறை நடப்பது. பிலோ சலித்துக்கொண்டே தன் பிரேக்கை மிதிப்பாள், வண்டி நிற்கும், கற்றுக்கொள்பவர் ஸாரி சொல்வார். இன்று அவள் பலமாக மிதித்தாள். மிதித்தது பெடலை அல்ல, பக்கத்திலிருந்த மிதியடியை. கால் பெடலின்மேல் இருப்பதாகவே நினைத்திருக்கிறாள். குனிந்து பார்த்து, மறுபடி மிதிப்பதற்குள் வண்டி ஓர் இளநீர் வண்டியில் போய் ஏறிவிட்டது.

இளநீர்க்காரர் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தார். ஒரு நிமிஷம் முன்புதான் போனாராம். திரும்பி வந்து, தான் நின்ற இடத்தில் காரின் மூக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இளநீர் எல்லாம் ரோடு முழுக்க உருண்டது. தாசில்தார் அப்போதும் ஸ்டியரிங்கை விடாமல், "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்றுகொண்டிருந்தாராம்.

பிலோ இதைச் சொல்லும்போது அழவில்லை. கடைசியில், "அந்த ஆளு அங்க நின்னிருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

என்னிடம் பதில் இருந்தது. எனக்கு ஏழாம் தேதியே தெரியும் என்பதுதான் அந்தப் பதில். காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்கு இருவரும் போனோம். அவள் ஷூ போட்டுக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

பாலுச்சாமி பிலோவை ஆபீஸ் மேஜைக்கு மாற்றிவிட்டார். எல்.எல்.ஆர். விண்ணப்பம் நிரப்பவேண்டும், போட்டோ ஒட்டவேண்டும். "உக்காந்த எடத்துல நிம்மதியா இருங்க மேடம்" என்றாராம். பத்தொன்பது வருஷமாக அவள் உட்கார்ந்த இடத்தில்தானே இருந்தாள்? அந்த இடத்தில் இப்போது தற்காலிக அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் பவானி. நன்றாகவே கற்றுத் தருகிறார் என்று பிலோவே சொன்னாள். அதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

ஜூலை 19, சனி

ஆஸ்பத்திரிக்குப் புகார்க் கடிதம் எழுதவேண்டும் என்றாள். "நீங்கதானே இதெல்லாம் எழுதுவீங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

எழுதினேன். அவள் ஹாலில் நடந்துகொண்டே சொன்னாள். டாக்டர்மேல் தனக்குக் கோபம் இல்லை. சூடு படலாம், அது அவர் கையில் இல்லை. படிவத்தின்மேல்தான் கோபம். மரத்துப்போகும் என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால், தன் தொழில் இன்னது என்று டாக்டரிடம் அன்றைக்கே சொல்லியிருப்பாள். வேறு வழி உண்டா என்று கேட்டிருப்பாள். வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பாள். பத்து வருஷம் பொறுத்த வலிதானே.

"உணர்வில் சிறு மாற்றமாம்! காதல் கடுதாசியா எழுதுறான்? கால் மரத்துப்போகும்னு எழுதுறதுக்கு அவன் கை மரத்துப்போச்சா?"

இதைக் கடிதத்தில் சேர்க்கவா என்று கேட்டேன். சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். நல்ல வாக்கியம்.

அடுத்து, "இத எழுதுனவன் பொண்டாட்டிக்கு இப்படி ஆயிருந்தா அப்பத் தெரியும் அவனுக்கு" என்றாள்.

இந்த வாக்கியத்தை மட்டும் சேர்க்கவில்லை. புகாருக்கு அது பலவீனம், உணர்ச்சிவசப்பட்டதாகத் தெரியும் என்று விளக்கினேன். "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். ஒற்றுப்பிழை பார்த்து, கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் என்னைப் பற்றி வந்த ஒரே விமர்சனம் அது. அதையும் நானே மெய்ப்புப் பார்த்தேன்.

ஜூலை 30, புதன்

நிவேதிதாவிடமிருந்து அவசர வேலை வந்தது. "ஒரு பக்கம்தான் சார், இன்னைக்கே வேணும். ஒரு பேஷன்ட் கம்ப்ளெய்ன்ட்டுக்கு ரிப்ளை. திருச்சி பக்கம்தான் போல. கொஞ்சம் பாத்து, மரியாதையா இருக்கட்டும்."

ஃபைலைத் திறந்தேன். திருமதி பிலோமினா லூர்துராஜ் அவர்களுக்கு.

அபாயங்கள் எல்லாம் அவருடைய தாய்மொழியிலேயே தெளிவாக எடுத்துச் சொல்லப்பட்டனவாம். நரம்பு பாதிப்பு படிவத்தில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதாம். அவர் அதைப் படித்து, புரிந்துகொண்டு, தம் கணவர் சாட்சியாக இருக்கக் கையெழுத்திட்டாராம்.

கணவர் சாட்சியாக இருந்தார் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் வரியைக்கூடத் தமிழாக்க வரவில்லை. நிவேதிதா இரண்டு தரம் கூப்பிட்டாள். நெட் இல்லை என்றேன்.

ஜூலை 31, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை பரிசோதனைக்குப் பேனா மூடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலேர்ந்து பதில் வந்திருக்கு" என்றேன்.

"தபாலே வரலையே. எங்க வந்துச்சு?"

"எனக்கு வந்திருக்கு."

"உங்களுக்கு எதுக்குங்க வருது?"

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. டிரைவிங் கற்றுத் தருகிறவள். அடுத்தவன் கையைப் பார்த்தே என்ன செய்யப்போகிறான் என்று சொல்லிவிடுவாள். என் கையைப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்ல மரத்துப்போகும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நிரந்தரமாப் போகலாம்னு?"

"இருந்துச்சு."

"மாத்துனது நீங்களா, அவங்க சொல்லியா?"

ஜூன் பதினாறாம் தேதிப் பக்கத்தில், நிவேதிதா கேட்டு வாங்கினாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் கேட்டது சலூனைப் பற்றி மட்டும்தான். மரத்துப்போதலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. துண்டறிக்கையை அவர்கள் பாராட்டினார்கள். அந்தக் குஷியில் படிவத்தையும் இதமாக ஆக்கிக் கொடுத்தால் தொடர்ந்து வேலை தருவார்கள் என்று நானாகத்தான் மாற்றினேன். அவர்கள் கவனிக்கவே இல்லை. நாட்குறிப்பை யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் இதிலும் பொய் எழுதினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"நானாத்தான்" என்றேன். ஏழாம் தேதி மூடி காற்றில் இருந்ததையும் சொன்னேன்.

அதைக் கேட்டதும்தான் அவள் முகம் மாறியது. "தெரிஞ்சும் பத்துன்னு சொன்னீங்களா? நான்தான் சீட்டு போயிருமேங்கிற பயத்துல பொய் சொன்னேன். உங்களுக்கு என்னங்க பயம்?"

மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டினேன்.

எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று திரும்பாமலே சொன்னாள்: "அந்தப் பதில மொழிபெயர்த்துக் குடுங்க. அவங்க எழுதினத அப்படியே. ஒரு வார்த்த கூட்டக் கூடாது, ஒரு வார்த்த கொறைக்கக் கூடாது. உங்களால முடியுமான்னு பாருங்க."

ஆகஸ்ட் 1, வெள்ளி

முடித்து அனுப்பினேன். "சூப்பர் சார், ரொம்ப டீசன்ட்டா இருக்கு" என்றாள் நிவேதிதா. பிலோ ரசம் மட்டும் வைத்தாள். 

ஆகஸ்ட் 9, சனி

பதிவுத் தபால் வந்தது. பிலோ கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நல்ல காகிதம், மேலே கால் வீசி நடக்கும் பெண்ணின் சின்னம். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் தமிழை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினாள்.

"சிகிச்சையின் அபாயங்கள் தங்கள் தாய்மொழியிலேயே தெளிவாக எடுத்துரைக்கப்பட்டன. நரம்பு பாதிப்புக்கான வாய்ப்பு வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டது. தங்கள் கேள்விகளுக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. அதன் பின்னரே தங்கள் ஒப்புதல் பெறப்பட்டது."

நிறுத்தினாள். விரலை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வைத்து, மேலிருந்து கீழே மறுபடியும் வந்தாள்.

"இங்கிலீஷ்லயும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான். யார் செஞ்சாங்கன்னு சொல்லாம எழுதுற வழக்கம். செயப்பாட்டு வினை."

"எடுத்துரைக்கப்பட்டது, குறிப்பிடப்பட்டது, அளிக்கப்பட்டது, பெறப்பட்டது. வரிக்கு வரி பட்டது பட்டதுன்னே முடியுது. யாரு சொன்னா, யாரு எழுதினா, ஒரு ஆளு இல்ல இதுல." கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தின்மேல் வைத்தாள். "பட்டது நான் ஒருத்திதாங்க."

எழுந்து கை கழுவப் போய்விட்டாள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் அந்த அர்த்தமும் இருப்பதை எனக்கு யாரும் காட்டியதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், என் பெயரில். ஏஜென்சிக்கும் ஒரு பிரதி. ஐந்தே வரி.

"உங்கள் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதியவன் நான். கால் மரத்துப்போகும், சிலருக்கு நிரந்தரமாகவும் மரத்துவிடும் என்று இங்கிலீஷில் இருந்ததை நான் மறைத்தேன். இரண்டு வேறு பொருளுக்கு ஒரே சொல்லைப் போட்டு நான் குழப்பினேன். பிலோமினா என் மனைவி. அவள் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்திலேயே இருந்தும் வாயைத் திறக்கவில்லை."

இந்த ஐந்து வரியை எழுத மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு முறையும் வரியின் கடைசியில் பேனா தானாகப் பட்டது என்று போய் நின்றது. அடித்து அடித்து நான், நான் என்று போட்டேன்.

பிலோவிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தாள். "இனிமே அந்த ஏஜென்சி வேல குடுக்க மாட்டாங்கல்ல?" என்றாள். மாட்டார்கள் என்றேன். சரி என்பது போல் தலையசைத்துவிட்டு, "எனக்குப் புரியற மாதிரி இப்பத்தாங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது காலை என் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பத்து இடம் தொட்டேன். ஆறுக்குத் தெரியுது என்றாள், நான்குக்கு இல்ல என்றாள். காத்திருந்தும் பார்த்தேன், தொடாதபோது அவள் எதுவும் சொல்லவில்லை.

எத்தனை என்று கேட்டாள்.

"ஆறு. சுண்டுவிரல் மரத்துத்தான் இருக்கு" என்றேன்.